பக்கம் 296-க்கு அப்புறம்

‘விளக்கை அணைத்தவன் வேறு யாருமில்லை. அது’

அவ்வளவுதான். அடுத்தது பின்னட்டை.

சிறையில் லிஃப்ட் என்று பெயர் விழுந்த லிஃப்ட் மெக்கானிக் புத்தகத்தைப் புரட்டினான். திரும்பவும் புரட்டினான். தலைகீழாகப் பிடித்து உதறினான். செத்த எறும்பு ஒன்று விழுந்தது. 297-ஆம் பக்கம் விழவில்லை.

“ஏம்ப்பா, புஸ்தகத்துக்குப் பேய் ஓட்டுறியா?” என்றான் எதிர்க் கட்டிலில் கிடந்த பெயின்டர். வண்டிகளுக்கு நம்பர் பிளேட் எழுதுகிறவன். வண்டிக்குச் சொந்தமில்லாத நம்பரையும் எழுதியதால் உள்ளே இருக்கிறான்.

“கடைசிப் பக்கத்தையெல்லாம் காணோம். முன்பக்கத்துல முன்னூத்திப் பன்னெண்டு பக்கம்னு அச்சடிச்சிருக்கு. இது எரநூத்தித் தொண்ணூத்தாறுல நிக்குது.”

“பதினாறு பக்கம் அம்பேல். கதை எப்படி?”

“கழுத்தறுப்பு. கலங்கரை விளக்கத்தை எவன் அணைச்சான், கப்பல் எப்படிப் பாறையில மோதிச்சுன்னு இவ்வளவு தூரம் இழுத்துட்டு, பேரைச் சொல்ற இடத்துல...”

“மச்சினன்தான். எல்லாக் கதையிலயும் மச்சினன்தான்.”

லிஃப்டுக்குச் சிரிப்பு வரவில்லை. எழுந்து நடந்தான். கதவுக்கு ஆறு எட்டு, ஜன்னலுக்கு ஆறு எட்டு. மற்றவர்களுக்கு அது பதினாறு பக்கம். அவனுக்கு நாலு நாள்.

ஆறு மாதமாக இந்தச் சிறையில் ஒரு திட்டம் ஓடிக்கொண்டிருந்தது. புத்தகம் ஒன்றை முழுதாகப் படித்துவிட்டு, வெளியிலிருந்து வரும் கல்லூரி அம்மாவின் மூன்று கேள்விக்குப் பதில் சொன்னால் தண்டனையில் நாலு நாள் கழியும். மாதத்தில் ஒரே ஒரு செவ்வாய்க்கிழமை வருவார். நாற்பது பேர் கை தூக்குவார்கள். பதினோரு பேருக்குத்தான் சீட்டு விழும். மூன்றாவது கேள்வி எப்போதும் கடைசி அத்தியாயத்திலிருந்து. பாதி படித்துவிட்டுப் பாதியை அடித்துவிடுகிற ஆட்களைப் பார்த்துச் சலித்து அந்த அம்மா கண்டுபிடித்த வழி அது. நாலு மாதம் முன்னால் அதில் மாட்டி ஊத்திக்கொண்டவர்களில் லிஃப்டும் ஒருவன்.

இப்போது இரண்டாவது சீட்டு. தேர்வு ஐந்தாம் தேதி. விடுதலை இருபத்து நாலு. அவன் மனைவி விமானம் ஏறுவது இருபத்தொன்று. கடல் தாண்டி ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸ் வேலை, இரண்டு வருஷ ஒப்பந்தம். தேர்வில் தேறினால் இருபதாம் தேதி காலை வெளியே வந்துவிடலாம். ஒரு முழு நாள் அவளோடு இருக்கலாம். ‘இருபதாம் தேதி வந்துடுவேன்’ என்று முந்திக்கொண்டு கடிதமும் எழுதிப் போட்டுவிட்டான்.

ஒரு நாள் போதும். அவளிடம் ஒரே ஒரு விஷயம் சொல்ல வேண்டியிருந்தது.

லிஃப்ட் மெக்கானிக் வேலையில் மாதச் சோதனைக்கு ஒரு படிவம் உண்டு. நாற்பது வரி. ஒவ்வொன்றையும் கண்ணால் பார்த்து, டிக் அடித்து, கடைசியில் கையெழுத்துப் போட வேண்டும். அன்றைக்கு முப்பத்தெட்டு வரியை ஒழுங்காகத்தான் பார்த்தான். முப்பத்தொன்பதும் நாற்பதும் மொட்டை மாடிக்கு மேலே மெஷின் ரூமில் இருக்கும் பிரேக் பற்றியவை. மழை. இரும்பு ஏணி வழுக்கியது. பசி வேறு. எப்போதும் சரியாகத்தானே இருக்கிறது என்று கீழேயே நின்று இரண்டு டிக் அடித்தான். பதினோராவது நாள் லிஃப்ட் வழுக்கிக்கொண்டு இறங்கியது. உள்ளே இருந்த பல் டாக்டருக்கு இடுப்பு நொறுங்கியது.

கோர்ட்டில், மேலே ஏறிப் பார்த்தேன் என்று சாதித்தான். அவன் மனைவி கூண்டேறி, “அன்னைக்கு முழங்கை வரைக்கும் கிரீஸோட வந்தார், நான்தான் தேய்ச்சு விட்டேன்” என்றாள். கிரீஸ் உண்மை. அது காலையில் வேறொரு கட்டடத்தில் ஒட்டியது. அவன் வாயைத் திறக்கவில்லை. நீதிபதி அவனை நம்பாமல் பதினைந்து மாதம் கொடுத்தார். அவள் இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறாள்.

அதைக் கடிதத்தில் எழுத முடியாது. ஆபீஸில் படித்துவிட்டுத்தான் அனுப்புவார்கள். மாதம் ஒருமுறை அவள் பார்க்க வரும்போது கம்பி வலைக்கு இந்தப் பக்கம் பன்னிரண்டு பேர், அந்தப் பக்கம் பன்னிரண்டு பேர், எல்லோரும் ஒரே நேரத்தில் கத்துவார்கள். ‘சாப்பிட்டியா’ என்பதையே மூன்று தடவை சொல்ல வேண்டும். இதை எப்படிக் கத்துவது?

*

நூலகம் என்பது ஒரு அறை, ஆறு அலமாரி, ஒரு பலகை. பலகையில்: ‘புத்தகத்தைக் கிழித்தால் தண்டனைக் கழிவில் ஒரு நாள் போகும்.’ பலகைக்குக் கீழே ரெண்டு வீடு உட்கார்ந்திருந்தான். ஒரே நேரத்தில் இரண்டு பெண்களுக்குக் கணவனாக இருந்ததற்காக உள்ளே வந்தவன். கணக்காகப் பொய் சொல்லத் தெரிந்தவன் என்பதால் நூலக எழுத்தர் வேலை அவனைத் தேடி வந்திருந்தது.

“மெதுவாப் பேசு,” என்றான், லிஃப்ட் இன்னும் பேசவே ஆரம்பிக்காதபோது.

“பதினாறு பக்கம் இல்லை. இதுக்கு முன்னாடி யார் எடுத்தது?”

“திட்டம் வந்த பிறகு இந்தப் புஸ்தகத்தை எடுத்த முதல் புண்ணியவான் நீதான். எல்லாரும் கொலை இருக்கான்னு கேக்குறாங்க. கலங்கரை விளக்கம் யாருக்கு வேணும்?”

“அதுக்கு முன்னாடி?”

“முன்னாடி திறந்த அலமாரி. போறவன் வர்றவன் எல்லாம் எடுப்பான். பாதிப் பேருக்குப் படிக்கவே வராது. பொகையிலை சுத்தக் கிழிப்பான்.” ரெண்டு வீடு குரலை இன்னும் இறக்கினான். “நீ இதை வார்டர்கிட்ட கொண்டுபோயிடாத, தயவுபண்ணு. சரக்குப் பட்டியல்ல எல்லாத்துக்கும் நேரே ‘பக்கங்கள் முழுமை’ன்னு நான்தான் கையெழுத்துப் போட்டிருக்கேன். நூத்தி எண்பது புஸ்தகம். ஒவ்வொண்ணாவா புரட்டிப் பார்ப்பாங்க? தெரிஞ்சா என்னைத் துணி துவைக்க அனுப்பிடுவாங்க. எனக்கு முதுகுவலி.”

பார்க்காமல் கையெழுத்துப் போடுவதைப் பற்றிப் பேச லிஃப்டுக்கு வாய் இல்லை.

“வேற புஸ்தகம் மாத்திக் கொடு.”

“சீட்டு விழுந்தா விழுந்ததுதான். கல்லூரி அம்மாகிட்ட பட்டியல் போயாச்சு.”

அன்று சாயங்காலம் பெயின்டர் புத்தகத்தை வாங்கி, முதுகுப் பக்கத்தைக் கண்ணருகே வைத்துப் பார்த்தான். எழுத்து வேலை செய்கிறவனின் கண்.

“இது பொகையிலை சுத்துறவன் வேலை இல்லைப்பா. அவன் ஒத்தைத் தாளாக் கிழிப்பான், பிசிறு நிக்கும். இங்க கொத்தாப் போயிருக்கு. தையல் நூலை உருவிட்டு, ஒரே இழுப்புல எடுத்திருக்கான். பாரு, பிசிறே இல்லை. கைவேலை தெரிஞ்சவன்.”

“கையில கிடைச்சான்னா அந்தக் கையை ஒடிச்சிடுவேன்.”

“ஒடி. முதல்ல பக்கத்தை வாங்கிட்டு ஒடி.”

கைவேலை தெரிந்தவர்கள் என்று கணக்கெடுத்தால் முதல் பிளாக்கில் மட்டும் பதினேழு பேர் தேறினார்கள். தையற்காரனைக் கேட்டான். “நான் நூலைக் கோக்குறவன், உருவுறவன் இல்லை” என்று கோபித்துக்கொண்டான். வேலை முடிந்து பட்டறையில் தச்சனை மறித்தான். முடிதிருத்துகிறவனிடம் கேட்டபோது கத்தி அவன் கையில் இருந்ததால் ரொம்ப மரியாதையாகக் கேட்டான். யாரும் பார்க்கவில்லை. நாலு நாள் போயிற்று. நடந்துகொண்டே 296-ஆம் பக்கத்தை மனப்பாடமாகச் சொன்னான். பெயின்டர் காதைப் பொத்திக்கொண்டு, “மச்சினன், மச்சினன், மச்சினன்” என்றான்.

*

ஐந்தாவது நாள் சமையல் கூடத்திலிருந்து ஆள் வந்தது. காய் நறுக்கும் மேஜை ஆடுகிறதாம். சிறையில் ஆடுவது, கிறீச்சிடுவது, ஒழுகுவது எல்லாம் லிஃப்டின் இலாகா.

குனிந்து பார்த்தான். நாலு காலில் ஒரு கால் குட்டை. லிஃப்ட் வேலையில் தண்டவாளம் மயிரிழை விலகினால் அடியில் தகடு கொடுத்து நேராக்குவார்கள். பழகிய கை.

“அட்டை ஏதாவது கொடுண்ணே,” என்றான்.

தலைமைச் சமையற்காரர் ஒரு காகிதப் பையை வீசினார். லிஃப்டின் கை அதைப் பிடித்து, ஒட்டின ஓரத்தை ஒரே இழுப்பில் உருவி எடுத்தது. இரண்டாக மடித்தது. நாலாக மடித்தது. எட்டாக மடித்து நகத்தால் விளிம்பை அழுத்தி ஓட்டியது. காலுக்கடியில் சொருகியது. மேஜை நின்றது.

லிஃப்ட் எழுந்திருக்கவில்லை. குத்துக்காலிட்டபடியே தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“என்னப்பா, முதுகு பிடிச்சுக்கிச்சா?”

“இல்லைண்ணே. ஆளு கிடைச்சுட்டான்.”

பதினாலு மாதத்துக்கு முன்னால். மூன்றாவது பிளாக், ஒன்பதாம் நம்பர் அறை. உள்ளே வந்த முதல் வாரம். புரண்டு படுத்தால் கட்டில் டக் டக்கென்று ஆடியது. அந்தச் சத்தத்தில் அவனுக்கு லிஃப்டும் பல் டாக்டரும் ஞாபகம் வந்துகொண்டே இருந்தார்கள். ஒரு நாள் திறந்த அலமாரியிலிருந்து கைக்கு வந்த தடிமனான புத்தகம் ஒன்றை எடுத்தான். அட்டையைக்கூடப் பார்க்கவில்லை. அப்போதெல்லாம் புத்தகம் அவனுக்குக் காகிதம், அவ்வளவுதான். எவ்வளவு கனம் வேண்டும் என்று விரலால் அளந்தான். பதினாறு பக்கம் சரியாக இருந்தது.

இரண்டு மாதம் கழித்துப் பராமரிப்பு வேலைக்கு எடுத்து முதல் பிளாக்குக்கு மாற்றினார்கள். கட்டில் அங்கேயே நின்றுவிட்டது.

அறைக்கு வந்து சொன்னபோது பெயின்டர் அவனுடைய இரண்டு கையையும் பார்த்தான். பிறகு மெதுவாகக் கேட்டான்:

“எந்தக் கையை ஒடிக்கணும்னு சொன்னே? வலதா, இடதா?”

*

மூன்றாவது பிளாக்கின் கதவுகளுக்கு மாதக் கடைசியில் எண்ணெய் போடுவது வழக்கம். இந்த மாதம் மூன்றாம் தேதியே எண்ணெய்க் குப்பியோடு போய் நின்றான்.

“அதுக்குள்ள என்ன அவசரம்?” என்றார் வார்டர்.

“கடைசியில நான் இருக்க மாட்டேன் சார். புதுசா வர்றவனுக்கு எந்தக் கதவு எப்படி அழும்னு தெரியாது.”

வார்டருக்கு அது நியாயமாகப் பட்டது. எட்டுக் கதவுகளுக்கு நிதானமாக எண்ணெய் போட்டான். ஒன்பதாவது அறையில் தூக்கம் தூங்கிக்கொண்டிருந்தான். ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே கண்ணசந்து, பாத்திரக் கடைக்குள் லாரியை ஓட்டியவன். பகலென்றும் இரவென்றும் அவனுக்குப் பேதம் கிடையாது. ஆளும் லாரி மாதிரிதான் இருப்பான்.

“அண்ணே, கொஞ்சம் எந்திரிங்க. கட்டிலைப் பார்க்கணும்.”

“கட்டிலுக்கு என்னய்யா?” என்றார் வார்டர் வாசலிலிருந்து.

“ஆடுதுன்னு சொன்னாங்க சார்.”

“ஆடலையே,” என்றான் தூக்கம், கண்ணைத் திறக்காமல். “இந்த ஜெயில்லயே ஆடாத கட்டில் இது ஒண்ணுதான். நான் கேட்டு வாங்கினது.”

லிஃப்ட் கட்டில் காலைத் தட்டிக் காட்டினான். “அதான் விஷயமே. கால் தரையோட ஒட்டிக்கிட்டா சிமென்ட் விரிஞ்சிடும். அப்புறம் கட்டிலோட உங்களையும் மாத்திடுவாங்க.”

தூக்கம் உடனே எழுந்தான். அவனே ஒரு கையால் கட்டிலின் மூலையைத் தூக்கியும் பிடித்தான். லிஃப்ட் கையை அடியில் விட்டான். இரும்பு, துரு, தூசி. பிறகு கல் மாதிரி இறுகிப்போன ஒரு சதுரம். நகத்தைக் கொடுத்து நெம்பினான். கீழ்ப்பக்கம் தரையோடு ஒட்டிக்கொண்டு பொடியாகப் பிய்ந்தது. மிச்சத்தை எண்ணெய்த் துணிக்குள் சுருட்டிக்கொண்டு, பழைய செருப்பிலிருந்து அறுத்துக் கொண்டுவந்திருந்த ரப்பர் துண்டைச் சொருகினான்.

தூக்கம் உட்கார்ந்தான். இப்படிச் சாய்ந்தான். அப்படிச் சாய்ந்தான்.

“ஆடுது.”

“இல்லைண்ணே.”

“ஒரு வருஷமா இதுலதான் கிடக்கேன். எனக்குத் தெரியாதா? ஆடுது.”

வார்டர் கடிகாரத்தைப் பார்த்தார். லிஃப்ட் தன் செருப்பைக் கழற்றி, குதிகால் பக்கம் ஒரு துண்டை அங்கேயே அறுத்துக் கூடுதலாகக் கொடுத்தான். தூக்கம் மறுபடி சாய்ந்தான். குறட்டைதான் வந்தது.

*

தண்ணீர் தொட்டுத் தொட்டு மடிப்பைப் பிரிக்க ஒன்றரை மணி நேரம் ஆனது. ஏழு தாள்கள் பிழைத்திருந்தன. ஒவ்வொன்றிலும் துருவில் ஒரு வட்டம், ஆனால் எழுத்து தெரிந்தது. 297-இல் முதல் சொல்லே ‘மச்சினன்’ என்று இருந்தது. பெயின்டர் எழுந்து நின்று நாலு சுவருக்கும் தனித்தனியாகக் கும்பிடு போட்டான்.

310 வரை வந்து லிஃப்ட் நின்றான். எட்டாவது தாள், 311-ம் 312-ம், தரையோடு போயிருந்தது.

“அதான் கதை முடிஞ்சிருச்சே,” என்றான் பெயின்டர். “மச்சினன் மாட்டினான். கப்பல்காரங்க பொழைச்சாங்க. மிச்சம் ரெண்டு பக்கத்துல என்ன இருக்கப்போவுது? காத்து வீசிச்சு, அலை அடிச்சுதுன்னு எழுதி முடிச்சிருப்பான். போய்க் கையெழுத்தைப் போட்டுட்டு வீட்டுக்குப் போ.”

“எதுல கையெழுத்து?”

“படிவம் இருக்குல்ல. ‘முதல் பக்கம் முதல் கடைசிப் பக்கம் வரை படித்தேன்’னு. போன தடவை கேள்வியிலேயே ஊத்திக்கிட்டே, அதான் உன்கிட்ட நீட்டல. ரெண்டே ரெண்டு பக்கம்ப்பா. யாரு பார்க்கப்போறா?”

லிஃப்ட் கதவுக்கு ஆறு எட்டு வைத்தான். ஜன்னலுக்கு ஆறு எட்டு. முப்பத்தொன்பது, நாற்பது. முந்நூற்றுப் பதினொன்று, முந்நூற்றுப் பன்னிரண்டு. ஐந்தாம் தேதி காலை வார்டர் வந்து பூட்டைத் திறக்கும்வரை நடந்துகொண்டே இருந்தான்.

*

கல்லூரி அம்மா மூக்குக்கண்ணாடியைத் தலையில் ஏற்றி வைத்திருந்தார். மேஜையில் பதினோரு படிவம். பக்கத்தில் அவருடைய பை. வாசலில் வார்டர். மூலையில் பதிவேட்டை மார்போடு அணைத்தபடி ரெண்டு வீடு.

“விளக்கைக் காக்குறவர் எதுக்கு ரெண்டு கடிகாரம் வச்சிருந்தார்?”

“ஒண்ணு கரை நேரம், ஒண்ணு கப்பல் நேரம்மா. ரெண்டுக்கும் ஏழு நிமிஷம் வித்தியாசம்.”

“விசாரணையில படகுக்காரர் மனைவி ஒரே ஒரு கேள்வி கேக்குறா. என்னது?”

“எல்லாரும் விளக்கு எப்போ அணைஞ்சதுன்னு கேட்டாங்க. அந்தம்மா மட்டும், திரும்ப எப்போ ஏத்துனீங்கன்னு கேட்டுச்சு.”

அந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார். போன தடவை திணறிய ஆள் என்பது ஞாபகம் வந்திருக்க வேண்டும். “சரி. மச்சினன் திரியை எங்க ஒளிச்சு வச்சிருந்தான்?”

மூன்றாவது கேள்வி. 304-ஆம் பக்கம். துரு வட்டத்துக்கு நேர் மேலே.

“உப்பு ஜாடியில.”

“பிரமாதம்,” என்று படிவத்தைத் திருப்பி அவன் பக்கம் தள்ளினார். பேனாவையும் வைத்தார்.

இருபதாம் தேதி. ஒரு முழு நாள். லிஃப்ட் பேனாவை எடுத்தான். வரி ஒன்றுதான். ‘முதல் பக்கம் முதல் கடைசிப் பக்கம் வரை நானே படித்தேன் என்று உறுதி கூறுகிறேன்.’ கீழே கோடு. மூலையில் ரெண்டு வீடு மூச்சுவிடுவது கேட்டது. பேனா முனை கோட்டைத் தொட்டு ஒரு புள்ளி வைத்தது. அங்கேயே நின்றது.

“கடைசி ரெண்டு பக்கம் படிக்கலம்மா.”

“ஏன், நேரம் பத்தலையா?”

“பக்கம் இல்லை.”

அவர் புத்தகத்தை வாங்கிக் கடைசிக்குப் போனார். “பதினாறு பக்கமே இல்லையே. அப்ப உப்பு ஜாடி எப்படித் தெரிஞ்சுது?” பிறகு மூலைப் பக்கம் திரும்பினார். “பட்டியல்ல முழுமைன்னு இருக்கே?”

ரெண்டு வீடு பதிவேட்டை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டான். இரண்டு வீட்டிலும் கணக்காகப் பொய் சொன்னவனுக்கு அந்தக் கணக்கு மறந்துபோயிருந்தது.

“அவரைக் கேக்காதீங்கம்மா. எடுத்தது நான்,” என்றான் லிஃப்ட். சட்டைப் பையிலிருந்து ஏழு தாளையும் எடுத்து மேஜையில் வைத்தான். “வந்த புதுசுல. அப்ப இதுல என்ன எழுதியிருக்குன்னுகூடப் பார்க்கல.”

“எதுக்கு எடுத்தீங்க?”

“கட்டில் ஆடிச்சும்மா.”

வார்டர் தொண்டையைச் செருமினார். “பலகையைப் படிச்சிருக்கேல்ல? ஒரு நாள் போயிடும்.”

“படிச்சிருக்கேன் சார். அது முழுசாவே படிச்சது.”

அந்த அம்மா துரு வட்டங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். சிரித்தாரா என்று தெரியவில்லை. கண்ணாடியைக் கீழே இறக்கி, பைக்குள் கைவிட்டு, தன்னுடைய பிரதியை எடுத்தார். 311-ஐத் திறந்து அவன் முன்னால் வைத்தார்.

“படிங்க. வெளியில பத்துப் பேர் நிக்கிறாங்க. இருந்தாலும் நிதானமாப் படிங்க.”

படித்தான். விளக்கைக் காக்கிறவர் கண்ணாடியைத் துடைக்கிறார். பூட்ஸுக்கு எண்ணெய் போடுகிறார். ஒரு காலுறையில் ஓட்டை. தைக்கிறார். காற்று தென்மேற்கு என்று குறித்து வைக்கிறார். முடிந்தது. எதையாவது விட்டுவிட்டோமோ என்று இன்னொரு தரம் படித்தான்.

“இதுல ஒண்ணுமே இல்லையேம்மா.”

“ஆமா,” என்றார் அவர். “நானும் முதல் தடவை ஏமாந்துதான் போனேன்.”

கையெழுத்துப் போட்டான். நாலில் ஒன்று போனால் மூன்று. இருபத்து நாலில் மூன்று போனால் இருபத்தொன்று.

வெளியே வந்ததும் ரெண்டு வீடு அவன் தோளைப் பிடித்தான். நன்றி சொல்லப்போகிறான் என்று நினைத்தான் லிஃப்ட்.

“ஏன்யா, உனக்கு நான் என்ன பாவம் பண்ணினேன்? மிச்சம் நூத்தி எழுபத்தொன்பதையும் இன்னைக்கே புரட்டிப் பார்க்கச் சொல்லிட்டாங்க.”

*

இருபத்தொன்றாம் தேதி, வியாழக்கிழமை. பத்து மணிக்குத் திறக்க வேண்டிய கதவு பத்து நாற்பதுக்குத் திறந்தது. பெல்ட், சாவி, செத்துப்போன ஃபோன், எல்லாவற்றுக்கும் தனித்தனிக் கையெழுத்து. ஒவ்வொன்றையும் படித்துவிட்டுத்தான் போட்டான். எழுத்தர் பல்லைக் கடித்தார்.

பஸ் எல்லா நிறுத்தத்திலும் நின்றது. நிறுத்தம் இல்லாத இடத்திலும் நின்றது. கடைசி இரண்டு தெருவை ஓடினான். குதிகால் அறுந்த செருப்பு ஒரு பக்கம் இழுத்தது. குடியிருப்பு வாசலில் டாக்ஸி பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றது. நாலு மாடியையும் படியிலேயே ஏறினான்.

அவள் வீட்டைப் பூட்டிக்கொண்டிருந்தாள். காலடியில் சிவப்புப் பெட்டி. திரும்பிப் பார்த்தவள் சாவியை உருவ மறந்தாள்.

“இருபதுன்னு எழுதியிருந்தீங்க. நேத்து முழுக்க வாசலையே பார்த்துக்கிட்டிருந்தேன்.”

“ஒரு நாள் போயிடுச்சு. ரெண்டாவது லெட்டர் போட்டேனே.”

“எந்த லெட்டர்?”

“ஆபீஸ்ல இன்னும் படிச்சு முடிக்கல போல.”

அவள் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. கீழே ஹார்ன் அடித்தது. “பன்னெண்டுக்குக் கிளம்பலைன்னா விமானத்தை விட்டுடுவேன்,” என்று சுவரில் இருந்த லிஃப்ட் பொத்தானுக்குக் கை நீட்டினாள்.

“படியில போலாம்.”

“பெட்டி இருபத்திமூணு கிலோ.”

“நான் தூக்குறேன். அதுல போனா அரை நிமிஷம். எனக்கு அது பத்தாது.”

மூன்றாவது மாடித் திருப்பத்தில் பெட்டியைக் கைமாற்றினான்.

“அன்னைக்கு மெஷின் ரூமுக்கு நான் ஏறல. கடைசி ரெண்டு வரியைப் பார்க்காமலே டிக் போட்டேன்.”

அவள் இறங்கிக்கொண்டே இருந்தாள். பதினோரு படி. அவன் எண்ணினான்.

“அந்தக் கிரீஸ்?”

“காலையில வேற பில்டிங்ல பார்த்த வேலை.”

“நான் கூண்டுல ஏறி நின்னு சொன்னேனே.”

“கேட்டுக்கிட்டு நின்னேன்.”

இரண்டாவது மாடியில் அவள் நின்றாள். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, அவனைப் பார்க்காமல் கேட்டாள்.

“நேத்து வந்திருந்தா இதை எப்பச் சொல்லியிருப்பீங்க? காலையிலயா, சாயங்காலமா?”

அவன் யோசித்தான். ஒரு முழு நாள். சாப்பாடு, பேச்சு, அவள் முகம். நாளைக்குச் சொல்லலாம், விமான நிலையத்தில் சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டே போயிருப்பான்.

“தெரியலை. சொல்லாமலே விட்டிருப்பேனோ என்னவோ.”

கீழே மறுபடி ஹார்ன். முதல் மாடித் திருப்பத்தில் அவள் அவன் கையிலிருந்து பெட்டியை வாங்கினாள். வெடுக்கென்று இல்லை. ஆனால் வாங்கிவிட்டாள்.

“கொடு. நான் தூக்கிக்கிறேன்.”

பத்து வருஷத்தில் முதல் முறையாக அவனை ஒருமையில் பேசினாள். மிச்சப் படிகளை அவள் முன்னாலும் அவன் பின்னாலுமாக இறங்கினார்கள். பெட்டி படிக்குப் படி இடித்துக்கொண்டே போனது. டிரைவர் வாங்கி உள்ளே வைத்தான். அவள் ஏறி உட்கார்ந்தாள். கதவைச் சாத்தினாள். கண்ணாடியை இறக்கி வீட்டுச் சாவியை நீட்டினாள்.

“அந்த டாக்டர் இப்ப நடக்குறாரா?”

“தெரியாது.”

“போய்ப் பாரு. பார்த்துட்டு எனக்குச் சொல்லு. ஞாயித்துக்கிழமை எனக்கு அங்க லீவு. ஃபோன் பண்ணு. எடுப்பேனான்னு தெரியாது. பண்ணு.”

டாக்ஸி முனை திரும்பும்வரை நின்றான். பிறகும் நின்றான். உள்ளே போய் ஃபோனுக்குச் சார்ஜ் போட வேண்டும். பல் டாக்டரின் முகவரி வழக்குக் காகிதத்தில் இருக்கும், அதைத் தேடி எடுக்க வேண்டும். சாவியைக் கைக்குள் மூடிக்கொண்டு படியேறினான். வியாழன், வெள்ளி, சனி. மறுபடியும் நாள் எண்ண ஆரம்பித்துவிட்டான்.